எதைக் கொண்டு நோன்பு திறந்தாய்?

என் நஸீறா மச்சிக்கு,

அல்லாஹ் உன் கப்றுக் குழியை வெளிச்சமாக்கி வைத்திருப்பான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கால் கடுக்கிறது. காலையிலிருந்து பன்னிரண்டு வீடு ஏறி இறங்கிவிட்டேன். கடதாசிக்குப் பதிலாக இப்போது கையில் விரலால் தொட்டு நிரப்புகிற டெப் தந்திருக்கிறார்கள், கேள்விகள் மட்டும் அதேதான். போன ஏழு நாளில் எத்தனை நாள் மீன், எத்தனை நாள் பருப்பு, எத்தனை வேளை சாப்பிடாமல் விட்டீர்கள்? "சோத்துக் கணக்குக்காரி வாறா, சட்டிய மூடுங்கடி" என்று நீ நக்கலடிப்பாயே, அதே வேலைதான்.

போன கிழமை பயிற்சியில் சுவரில் ஒரு கோடு காட்டினார்கள். நாடு பசிக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று வருஷா வருஷம் பார்க்கிற கோடு. அது சரிந்தால் பசி கூடிவிட்டது என்று அர்த்தம். அதே வீடுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் வரைகிறார்கள். சாமான் விலை தலைக்கு மேல் ஏறிய வருஷத்திலும் எங்கள் கல்முனைப் பக்கத்துக் கோடு பெரிதாகச் சரியவில்லை. "ஒங்கட ஆக்கள் எப்பிடியோ சமாளிச்சிட்டாங்க" என்றார் பயிற்சி தந்த சேர். அந்தக் கோட்டுக்குள் நீ இருக்கிறாய் மச்சி, நான் போட்ட பூச்சியமாக.

விலை ஏறிய அந்த வருஷம் உன் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து, கரைவலை இழுக்கப் போகிற, உன்னைக் கட்டின மாப்பிள்ளை வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். சம்மாந்துறை மில்லில் அரிசி மூட்டை கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. உன் பானையில் என்ன கிடந்தது?

எத்தனை நாள் பகல் சாப்பாட்டை விட்டாய் என்று கேட்டேன். "அது நோன்பு புள்ள. றமழான்ல விடுபட்டத கழாப் பிடிக்கிறன்" என்றாய். நோன்பைப் பசியில் சேர்க்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த விதி. பூச்சியம் போட்டேன். உன் வாயில் வெற்றிலைச் சிவப்பு இருந்தது. நோன்பாளி வெற்றிலை போடுவாளா? பார்த்துவிட்டுத்தான் போட்டேன். நான் பார்த்தது உனக்கும் தெரியும். உன் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை வேறு எனக்கு.

இரண்டு மாதம் கழித்து, நீ கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரியில் உன் மகள் சஜா சொன்னாள். "வாப்பாக்கும் எங்களுக்கும் சோறு வெச்சிட்டு, தனக்கு நோன்பு எண்டு செல்லுவா மாமி." சீனி வருத்தக்காரி நீ, இரத்தத்தில் சீனியைக் குறைக்கிற குளிசையை வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறாய். பக்கத்து வளவு வீட்டில்தானே இருந்தேன், ஏன் என்னிடம் வாய் திறக்கவில்லை? நான்தான் ஏன் இன்னொரு தரம் கேட்கவில்லை? இந்தக் கேள்வியோடு எழும்பி, இந்தக் கேள்வியோடு படுத்து, எனக்குக் களைத்துவிட்டது மச்சி.

இன்றைக்குப் பன்னிரண்டாவது வீடு உன்னுடையது. சஜா கதிரையைத் துடைத்துப் போட்டாள். எனக்கு மட்டும் தேத்தண்ணி வைத்தாள். எத்தனை நாள் சாப்பிடாமல் விட்டாய் என்று கேட்டதும் தரையைப் பார்த்தாள்.

"மூணு நாள் மாமி. அது நோன்பு."

உன் குரல் அப்படியே வந்தது. என் விரல் பூச்சியத்துக்குப் போய் நின்றுவிட்டது. டெப்பில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். "எதக் கொண்டு மகள் நோன்பு திறந்த?"

தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு சொன்னாள். "தண்ணி மாமி. தண்ணி மட்டும்தான்."

மூன்று என்று போட்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சோற்றையும் மீன் ஆணத்தையும் எடுத்து வந்தேன். உன் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டப்பகலில், இருவரும் ஒரே பீங்கானில் சாப்பிட்டோம்.

இந்த முறை அந்தக் கோடு கொஞ்சம் சரியும். ஏன் என்று சேர் கேட்டால் கேட்கட்டும், சஜாவிடம் கேட்ட அந்தக் கேள்வியை அவருக்கும் சொல்லிக்கொடுப்பேன். இனி எந்த வீட்டில் யார் நோன்பு என்று சொன்னாலும், எதைக் கொண்டு திறந்தீர்கள் என்று கேட்காமல் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். உன் மகளிடம் டெப் இல்லாமலே ஒவ்வொரு நாளும் கேட்பேன்.

இப்படிக்கு,
அன்றைக்குக் கேட்காமல் எழும்பிப் போன உன் மச்சி