நைனா, அந்தத் தெருவில் மட்டும் ஏன் வண்டி சூடானது?

மண்ணுக்குள் போன பிறகும் நான் பேசிக்கொண்டே இருக்கிற என் நைனாவுக்கு,

உன் பேத்தி யாழினி காலேஜில் சேர்ந்துவிட்டாள். காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோடு வரை ஸ்கூட்டரில் போகிறாள். நம் காலனியிலிருந்து இன்றைக்கும் இரண்டே வழிதான். ஏரிக்கரையில் சுற்றிக்கொண்டு போகலாம், இல்லையென்றால் ஊர்த்தெரு வழியாக நேரே போகலாம். அவள் நேரே போகிறவள்.

போன வாரம் ஊர்த்தெருக் கோயில் எதிரே கார்த்தி தன் மாமாவோடும் இன்னும் சிலரோடும் உட்கார்ந்திருந்தான். அந்தத் தெருக்காரன், யாழினியோடு பள்ளியில் படித்தவன். நம் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்ட பையன்தான். சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான்: "இன்னா யாழினி, உங்க தாத்தா இந்தத் தெருவுல வண்டிய ஆப் பண்ணி எறங்கித் தள்ளிக்கினு போவாராமே. நீ இன்னாடான்னா ஆரன் அடிச்சிக்கினு போற?"

எல்லோரும் சிரித்தார்களாம். இவள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சாயந்திரம் அவனே போனில் செய்தி அனுப்புகிறான்: "சாரி, மாமா கூட இருந்தாரு, அதான்." இந்த இரண்டில் எது அவன் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிகிறதா?

சாப்பிடும்போது கேட்டாள். "தாத்தா ஏம்மா தள்ளிக்கினு போனாரு?"

நீ எனக்குச் சொன்னதையே சொன்னேன். "மொபெட்டு சூடாயிடும்னு கொஞ்ச தூரம் ஆற வுடுவாரு."

"அந்த ஒரு தெருவுல மட்டுமாம்மா சூடாவும்?"

அவள் அப்பா குறுக்கே வந்தார். "ஏரிக்கரையா போனா இன்னா, தேஞ்சா பூடுவ?"

"நான் தேய மாட்டேன்பா. நீதான் தேஞ்சி போயி கீற."

அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

நைனா, அது பொய் என்று எனக்கு எப்போது தெரிந்தது? யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. டிகிரி படித்தேன். எந்தெந்த நாட்டு அநியாயத்தையோ பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். உன் வண்டியைப் பற்றி ஒருநாளாவது சந்தேகப்பட்டேனா என்றே தெரியவில்லை.

முதலில் உன்மேல் கோபம் வந்தது. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. நீ இறங்கினாய், என்னை இறக்கவில்லை. அந்தத் தெரு முழுக்க நான் சீட்டில் உட்கார்ந்திருப்பேன், நீ தள்ளிக்கொண்டு நடப்பாய். நான் தாவணி போட்ட பிறகும் அப்படித்தான். "நானும் எறங்கட்டா நைனா?" என்று கேட்டால், "நீ குந்து" என்பாய், திரும்பிப் பார்க்காமல். அதற்காக உன்னை யாராவது மிரட்டினார்களா? தெரிந்துதான் செய்தாயா, பெண்ணுக்குக் கால் வலிக்குமே என்று செய்தாயா?

யாழினியிடம் இதைச் சொன்னேன். "அப்ப தாத்தா பயந்தாரா, பயப்படலியா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "கார்த்திகிட்ட இன்னா சொல்றது?" அதுவும் தெரியவில்லை.

திங்கட்கிழமையும் ஊர்த்தெரு வழியாகத்தான் போவேன் என்கிறாள். அவள் அப்பா வேண்டாம் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? ஏரிக்கரைக்குத் திருப்பி அனுப்பினால், நாளைக்கு அவள் தன் பிள்ளைக்கு என்ன காரணம் சொல்வாள்?

திங்கட்கிழமை அவள் பின்னால் நானும் உட்கார்ந்து போகிறேன். பயம் போய்விடவில்லை. யாராவது நிறுத்தினால் என்ன பேசுவேன் என்றும் தெரியாது. நாங்கள் இரண்டு பேருமே இறங்க மாட்டோம், நைனா. அது மட்டும் உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மூத்த மகள்,
யாழினியின் அம்மா,
செல்வி