சக்களத்தி வீதியைக் கடந்த நாள்

மச்சான்,

இன்று காலை சக்களத்தியின் வலது கை கழன்று என்னோடு வந்துவிட்டது. நடைவீதியின் நடுவில், பட்டப்பகலில், ஒரு கையில் அவள் இடுப்பும் மறுகையில் அவள் கையுமாக நான் நிற்கிறேன். சைக்கிளில் வந்த ஒரு கிழவி இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். உன் மனுசி கடைவாசலில் நின்று, "அண்ணை, கவனம், விழுத்திப் போடாதேங்கோ. இவ்வளவு காலமும் என்னோட இருந்தவள்" என்றாள். கழன்ற பொம்மைக் கையின் உள்ளே வெறும் கூடு. முகர்ந்து பார்த்தால் பழைய துணிக்கடை மணம் இன்னும் இருக்கிறது, புதுக் கம்பளியும் இஸ்திரிச் சூடும் கலந்த அந்த மணம். நீ கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அந்த மணத்தோடு நீயும் வந்துவிட்டாய்.

உனக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன், இதையெல்லாம் சொல்ல இப்போது எனக்கு ஆளில்லை. நாம் அகதிகளாக இந்த டெனிஷ் ஊருக்கு வந்தபோது நடைவீதியில் வெறுமையாக ஒரு கடைகூடக் கிடையாது. வங்கி, வெதுப்பகம், இறைச்சிக்கடை, சப்பாத்துக்கடை, மூலையில் அந்தப் பெரிய பெண்கள் துணிக்கடை. ஊரைச் சுற்றியிருந்த பின்னல் ஆலைகளுக்குச் சனம் முறை மாறி மாறி ஓடியது, நாமும் ஓடினோம். சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளையெல்லாம் பூட்டிவிட்டால் திங்கள் காலை வரை வீதியில் ஈ காக்கை இராது. நாம் அப்போதுதான் முகம் வழித்து, கோட்டும் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவோம்.

"நடக்கிறதுக்கெண்டே ஒரு ரோட்டைப் போட்டுட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறாங்கள். நாங்களாவது நடக்க வேண்டாமே?" என்பாய்.

வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்புவது அந்த நாட்களில் எல்லாருக்கும் வழக்கம். மற்றவர்கள் யாருடையதோ காரில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். உனக்குத் துணிக்கடை வாசல். கண்ணாடியின் வலது ஓரத்தில் ஒட்டினாற்போல் நின்றுகொண்டு, இடப்பக்கம் இரண்டு பேர் நிற்கக்கூடிய இடத்தைச் சும்மா விட்டுவிடுவாய். கமரா என்னுடையது, எரிச்சலும் என்னுடையது.

"நடுவுக்கு வாடா. பாதிப் படம் வெறுமையாக் கிடக்கு."

"நீ இடத்தை விட்டுட்டு எடு. நடுவில நிண்டால் நான் தனிய நிக்கிற படம். இப்பிடி நிண்டால் அவையள் இன்னும் வரேல்லை எண்ட படம்."

குடும்பத்தைக் கூப்பிடுகிற விண்ணப்பங்களை அரசாங்கம் தொடாமல் அடுக்கி வைத்திருந்த காலம் அது. சட்டத்தில் உரிமை இருந்தது. போய்க் கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரே பதில். பார்க்காமல் இருக்கச் சொல்லி மேலிடத்திலிருந்தே சொல்லியிருந்தது பிறகுதான் வெளியில் வந்தது. அங்கே ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. உன் மனுசியும், நீ வெளிக்கிடும்போது கைக்குழந்தையாக இருந்த மகளும் அதற்குள் இருந்தார்கள். கனடாவுக்கு ஓடு, ஜெர்மனிக்கு மாறு என்று உனக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை. நானும் சொன்னேன். "இஞ்சை கேட்டனான், இஞ்சைதான் தரவேணும்" என்றாய். உன் பிடிவாதத்தில் எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு சனிக்கிழமை துணிக்கடைக்காரி பூட்டப்போகிற நேரத்தில் நம்மைக் கண்டு வெளியே வந்தாள். கமராவை என்னிடம் வாங்கிக்கொண்டு, நடுவுக்கு வரும்படி உனக்குக் கையைக் காட்டினாள். நீ அசையவில்லை. இவனுக்குப் படம் எடுக்க நிற்கவே தெரியாது என்று நினைத்தாள்போலும், வந்து தோளைப் பிடித்தும் இழுத்தாள். அப்போது நீ "கோனன் கொமர்" என்றாய். மனைவி வருகிறாள். டெனிஷ் மொழியில் நீ முழுதாகச் சொன்ன முதல் வசனம் அது. அவள் திரும்பி வீதியைப் பார்த்தாள். யாரையும் காணவில்லை. சரி, வரட்டும் என்று கமராவோடு நின்றாள். அந்தக் காற்றில், மெல்லிய சட்டையோடு, வராத உன் மனுசிக்காக நம்மோடு அவளும் நின்றாள். நான் கையாலும் வாயாலும் கதையை விளங்கப்படுத்திய பிறகு நீ நின்றபடியே எடுத்துத் தந்தாள். அதற்குப் பிறகு உன்னைக் காணும்போதெல்லாம் "வந்துவிட்டாளா?" என்று கேட்பாள். விண்ணப்ப இலக்கத்தை விட்டுவிட்டு மனுசியைப் பற்றிக் கேட்ட வெள்ளைக்காரி இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

ஆனால் அங்கே நடந்த கூத்து வேறு. படங்களெல்லாம் தாமதித்து ஒரு கட்டாக உன் மனுசி கையில் கிடைத்திருக்கின்றன. நீ விட்ட இடத்தில், கண்ணாடிக்குப் பின்னால், பொம்மைப் பெண் நிற்கிறாள். நாம் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை. "ஒவ்வொரு படத்திலையும் புதுச் சட்டை மாத்திக்கொண்டு உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறவ ஆர்? நான் வரத் தேவையில்லை எண்டால் நேரா எழுதுங்கோ" என்று பதில் வந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு கட்டிலில் இருந்து அழுதாய். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன்.

கடைசியில் அனுமதி தந்தார்கள், உன் மனுசியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். வந்த கிழமையே நீ அவர்களை நடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். உன் மனுசி நேராகக் கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொம்மையை மேலும் கீழும் பார்த்தாள். "உவதானா ஆள்? மூக்கு வடிவாத்தான் இருக்கு" என்றாள். சக்களத்தி என்ற பேர் அன்றைக்கு வைத்ததுதான். கடைக்காரி ஓடிவந்து படம் எடுத்தாள். விட்டிருந்த இடம் நிறைந்துவிட்டது, ஆனால் மகள் உன்னைப் பார்க்க மாட்டேன் என்று தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு நீ யாரோ ஒரு மாமா.

விசாரணையெல்லாம் முடிந்து, நம்முடைய விண்ணப்பங்களை முடக்கிய வழக்கால் அரசாங்கமே விழுந்த அன்று ஆலையில் எல்லாரும் வந்து உன் கையைக் குலுக்கினார்கள். நீ அவர்களுக்குத் தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினாய். "அரசாங்கம் விழுந்தால் எனக்கென்ன மச்சான். என்ரை பிள்ளை முதல் நடை நடந்ததை நான் பாக்கேல்லை. அதை ஆர் எடுத்துத் தாறது?" என்றாய்.

பிறகு இந்த ஊர் மாறத் தொடங்கியது. தையல் வேலை போலந்துக்குப் போனது, அங்கிருந்து இன்னும் கிழக்கே போனது. ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. ஊருக்கு வெளியே பெருங்கடைகள் வந்தன, சனம் காரை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டணமான ஹெர்னிங்குக்குப் போனது. இறைச்சிக்கடை போனது, சப்பாத்துக்கடை போனது, வங்கி போய், அது விட்டுப்போன காசு இயந்திரமும் போனது. வெறுமை தெரியாமல் இருக்கக் கண்ணாடிகளில் வெதுப்பகப் பாணும் பழமுமாகப் பெரிய படங்களை ஒட்டினார்கள். துணிக்கடைக்காரியும் வயதாகிப் பூட்டியபோது, அந்தக் கடையை இரண்டாகப் பிரித்ததில் சின்னப் பாதியை உன் மனுசி எடுத்துத் திருத்தத் தையல் கடை போட்டாள். கதவுத் திறப்பைக் கொடுக்கும்போது பொம்மையையும் சேர்த்துக் கொடுத்தாள் கடைக்காரி. செத்துப்போன வீதியில் கடையா என்று நான் கேட்டேன். "சாகிற ரோட்டுக்குத்தான் வெளிச்சம் வேணும்" என்று நீ அன்றைக்கே விளக்குப் போட்டுவிட்டாய்.

இப்போது அந்த மூலைக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். போன மாதம் நூலகத்தில் கூட்டம் வைத்தார்கள். நகரசபையின் திட்டக்காரப் பெட்டை, நல்ல மரியாதையான பிள்ளை, நடுவூர் எப்படி வரப்போகிறது என்று பெரிய படம் போட்டுக் காட்டினாள். மரங்கள், குந்தியிருக்க வாங்குகள், கீறிவைத்த மனிதர்கள். ஒருத்தருக்குக்கூட நம்முடைய கறுப்புத் தலைமயிர் இல்லை. உன் மனுசி எழும்பி, தன் கடை எங்கே என்று கேட்டாள். அந்த இடத்தில் மரம் வரும் என்றாள் அவள்.

பின்வரிசையில் இருந்த ஒருத்தன், வெளிநாட்டுக்காரர் கடை போடத் தொடங்கித்தான் நடுவூர் செத்தது என்றான். மச்சான், எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. எழும்பி, எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன்: நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருந்த சனிக்கிழமைகளில் இந்த வீதியில் நடந்தவர்கள் நாங்கள். நீங்கள் ஹெர்னிங்குக்குப் போன பிறகு விளக்குப் போட்டவர்கள் நாங்கள். செத்த வீட்டில் கூட இருந்தவனைக் கொலைகாரன் என்று சொல்லாதே. உன் மனுசி என் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டாள்.

ஹெர்னிங்கில் கடை பார், பிராண்டேயில் பார் என்று அவளுக்கும் புத்தி சொன்னார்கள். மகளும் தொலைபேசியில் சொன்னாள். "இஞ்சை திறந்தனான், இஞ்சைதான் இருப்பன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நாளே நேர் எதிரில், பூட்டிக்கிடந்த பழைய சப்பாத்துக்கடைக்குச் சொந்தக்காரக் கிழவரிடம் போய் வாடகைக்குக் கேட்டாள். இந்த வீதிக்கு இனி யார் வரப்போகிறார்கள் என்று அவர் கையை விரித்தார். "நான் வந்து நிக்கிறன்தானே" என்றாள் உன் மனுசி. அவர் திறப்பை எடுத்துக் கொடுத்தார்.

இன்று அந்த மாற்றம்தான். தையல் இயந்திரங்களை நேற்றே கொண்டுபோயாயிற்று, கடைசியாகச் சக்களத்தி. கையைத் திரும்பப் பூட்டி, சேலை கட்டி, புதுக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினோம். மகளுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கச் சொல்லித் தொலைபேசியை என்னிடம் தந்தாள் உன் மனுசி. போய், கண்ணாடியின் இடது ஓரத்தில் ஒட்டினாற்போல் நின்றாள்.

"நடுவுக்கு வா தங்கச்சி."

"இல்லை அண்ணை. அவரின்ரை இடத்தை விட்டுட்டு எடுங்கோ."

மச்சான், எனக்கு அழுகை வந்துவிட்டது. வீதியென்றும் பார்க்காமல் அழுதேன். நான் இப்போதும் யாரைப் படம் எடுத்தாலும் ஒரு பக்கம் வெறுமையாகத்தான் விழுகிறது. என் பிள்ளைகள், அப்பாவுக்குக் கமரா பிடிக்கத் தெரியாது என்று ஏசுவார்கள். திருத்த முயன்றதும் இல்லை, இனித் திருத்தப் போவதும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த அதே ஆள் நாயோடு வந்து நிற்கிறான். நல்லதுக்குத்தான் சொன்னான், அந்த அம்மாவை நடுவில் நிற்கச் சொல், படம் கோணலாக வரும் என்று.

"புருசன் வருகிறான்" என்றேன்.

அவன் திரும்பி வீதியின் அந்தக் கரையைப் பார்த்தான். நாயும் பார்த்தது. நான் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.