சங்குதீர்த்தத்தில் சொறி இல்லை

செங்கல்பட்டு
22.9.2002

சிரஞ்சீவி பரணிதரனுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ, சுஜாதா, குழந்தை சஹானா மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் அப்பா உயிரோடு இருக்கிறார், கஞ்சி குடிக்கிறார், கழுத்து வீக்கம் வடிந்துவிட்டது, இப்போதைக்கு அதைத்தான் சௌக்கியம் என்று சொல்ல வேண்டும். ஃபோனில்தான் எல்லாம் பேசியாச்சே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நீதான் பேசினாய். "ஒண்ணும் ஆகலியே, விடும்மா, அப்பா ஸ்ட்ராங்" என்று சிரித்தாய். பக்கத்தில் அவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ரிசீவரை வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

போன வருஷம் உன் தங்கை அனுவின் பிரசவத்துக்காக நான் இங்கே தங்கிவிட்டேன், உன் அப்பா மட்டும் சிட்னிக்கு வந்து உன்னோடு இருந்தார். அறுபது வயதுவரை வாய்க்காலில்கூட இறங்காத மனுஷனை நீ கடலுக்குக் கூட்டிப்போய் நீச்சல் கற்றுக்கொடுத்தாய். சரி, அங்கே கரையில் கொடி நட்டு இந்த இரண்டு கொடிக்கு நடுவில் குளி என்கிறார்களாம், காப்பாற்ற ஆள் நிற்கிறதாம், விஷப்பூச்சி வந்தால் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியே வரச் சொல்கிறார்களாம். அவரே வந்து வாய் ஓயாமல் சொன்னார். இங்கே மகாபலிபுரத்தில் என்ன இருக்கிறது? கடலில் குளிக்காதீர்கள் என்று ஒரு போர்டு இருக்கிறது. அதில்தான் உன் அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு இறங்கினாராம். மாசம் தவறாமல் பேப்பரில் வருகிறதே, காலேஜ் பையன்கள் நான்கு பேர் குளிக்கப் போனார்கள், இரண்டு பேர் திரும்பவில்லை என்று, அதைக் காலையில் எனக்குச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுபவரே இவர்தான். படித்துவிட்டு "பொறுப்பில்லாத பசங்க" என்று வேறு சொல்வார்.

என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? சனிக்கிழமை தோறும் சிநேகிதர் அருணகிரியோடு ஸ்கூட்டரில் திருக்கழுக்குன்றம் போய் மலை ஏறுகிறேன் என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம், ரிட்டயர் ஆன பிறகாவது சாமி நினைப்பு வந்ததே என்று விடியற்காலையில் எழுந்து இட்லி கட்டிக்கொடுத்தேன். தலை ஈரமாக வருவார், கேட்டால் சங்குதீர்த்தத்தில் முழுக்குப் போட்டேன் என்பார். நெற்றி நிறைய விபூதி வேறு. குளத்துத் தண்ணீரில் குளித்தவர் துண்டு ஏன் இப்படி மொரமொரவென்று உப்புப் பூத்திருக்கிறது என்று நானும் யோசிக்கவில்லை பார், என்னைச் சொல்ல வேண்டும்.

போன சனிக்கிழமை நடந்ததை அருணகிரி வாயிலிருந்து பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன். கடலில் சொறி வந்திருக்கிறது. நீ ஜெல்லி என்கிறாயே அதுதான், கவிழ்த்த கிண்ணம் மாதிரி கண்ணாடியாக மிதக்கும், அடியில் நூல் நூலாகத் தொங்கும், அந்த நூல்தான் எமன். தண்ணீரும் அதுவும் ஒரே நிறம், இவருக்கோ கண்ணாடி போட்டாலே எதிரே வருகிறவர் தெரியாது. தோளிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டது. இவர் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டியிருக்கிறார், கரையில் உட்கார்ந்து என் இட்லியைத் தின்றுகொண்டிருந்த அருணகிரி ஏதோ உற்சாகத்தில் ஆட்டுகிறார் என்று திருப்பிக் கை ஆட்டியிருக்கிறார்! படகு ஓரம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஏசுபாதம் என்பவர் பார்த்துவிட்டுப் பாய்ந்து போய் இழுத்து வந்தாராம். நான் வியாழக்கிழமை பழம் வெற்றிலை வைத்து அவரைப் பார்த்து வந்தேன். "நான் தூக்கியாறப்ப ஒடம்பு வெறச்சிக் கெடந்துச்சிம்மா, அண்ணாத்த மூச்சு வுடு, மூச்சு வுடுன்னு கத்திக்கினே வந்தேன், கண்ணு மட்டும் தொறந்துகினு கீது" என்றார். அந்த வீட்டுப் பெண்கள் எனக்குக் காபி கொடுத்தார்கள். கரைக்குக் கொண்டுவந்த பிறகு அருணகிரி என்ன செய்தார் என்றால், மணலை அள்ளித் தடிப்பு மேல் தேய்தேய் என்று தேய்த்தார். ஒட்டியிருந்த நூலெல்லாம் அப்படித் தேய்த்தால் இன்னும் விஷத்தைக் கக்கும் என்று டாக்டர் பிறகு திட்டினார். ஒரு டூரிஸ்ட் வேன்காரர் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார், வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு டாக்டர் ஊசி போட்டு அனுப்பினார், அதுதான் செங்கல்பட்டு வரும்வரை உயிரைப் பிடித்து வைத்தது. கடைசியில் மனுஷன் நிஜமாகவே திருக்கழுக்குன்றம் போனார், இப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேர்ந்தபோது முகம் யார் முகமோ மாதிரி வீங்கியிருந்தது, உதடு நீலம், சாட்டையால் அடித்த மாதிரி கழுத்தைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாக வரி. டாக்டர் என்னைப் பார்த்து அவசரமாகக் கேட்டார், இவருக்கு முன்னால் எப்போதாவது இப்படிச் சொறி பட்டிருக்கிறதா என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா பரணி? "இல்ல டாக்டர், இவரு கடலுக்கே போறதில்ல" என்றேன். நீ அனுப்பிய நீச்சல் நிஜாரோடு, உடம்பெல்லாம் மணலோடு அவர் எதிரே கிடக்கிறார், நான் கடலுக்கே போறதில்ல என்கிறேன். பிரபாவதி என்று ஒரு நர்ஸ், அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்போதுதான் அருணகிரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஆடி மாசம் ஒரு தடவ லேசா கையில பட்டுச்சு, நாலு நாள் தடிப்பு இருந்துச்சு, பரணிக்குத் தெரியும், அவன்கிட்ட ஃபோன்ல கேட்டுத்தான் களிம்பு வாங்கினோம்" என்று.

பரணிக்குத் தெரியும். கட்டிலில் கிடப்பவரைப் பற்றி இருந்த பயத்தை எல்லாம் அந்த ஒரு வார்த்தை எரித்துவிட்டது. ஒரு முறை பட்ட உடம்பில் அந்த விஷம் மறுபடி ஏறினால் சில பேருக்கு உடம்பே எதிரியாகிவிடும், இன்னொரு முறை பட்டால் இதைவிட மோசமாகலாம், இனிமேல் கடலில் காலே வைக்கக்கூடாது என்றார் டாக்டர். ஆடி மாசமே எனக்குத் தெரிந்திருந்தால் ஸ்கூட்டர் சாவியைக் கிணற்றில் போட்டிருப்பேன். கையில் தடிப்பு என்ன என்று நானும் கேட்டேன், கோயில் மரத்தில் கம்பளிப்பூச்சி என்றார். அந்தக் கம்பளிப்பூச்சியை யார் சொல்லிக்கொடுத்தது, அவரா நீயா? அப்பாவும் பிள்ளையும் சிநேகிதமாக இருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆபத்து என்று வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கப்போவது நீயா நானா? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு உண்மைகூடக் கையில் இல்லாமல் செய்துவிட்டீர்களே.

வீட்டுக்கு வந்த பிறகு ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். முட்டியைத் தடவிக்கொண்டே, "தண்ணியில இருக்கும்போது முட்டி வலிக்கறதில்ல சகுந்தலா" என்றார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக அந்த முட்டிக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பவள் நான். வலிக்காத இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் அதை முதலில் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நான் வேண்டாம் என்பேன் என்று பயமாம். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், பிறகு வேறு வழி தேடியிருப்பேன். இப்போதும் நான்தான் தேடியிருக்கிறேன். சென்னையில் பெரியவர்களுக்கென்று காலையில் நீச்சல் குளம் திறக்கிறார்களாம், மின்சார ரயிலில் போய் வரலாம், டாக்டர் சரி என்று சொன்னதும் நானே கூட்டிப்போகிறேன்.

டிசம்பரில் நீங்கள் வருகிறீர்கள். தாத்தா கடலில் நீச்சல் கற்றுக்கொடுப்பார் என்று சஹானாவிடம் ஆசை காட்டி வைத்திருக்கிறாயாம், சுஜாதா சொன்னாள். அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்து. நீயே உன் வாயால் குழந்தையிடமும் சொல், அப்பாவிடமும் சொல், நான் சொன்னால் கிழவி புலம்புகிறாள் என்பார்கள். குழந்தை கடலைப் பார்க்கட்டும், கிளிஞ்சல் பொறுக்கட்டும், கால் நனைக்கட்டும், அவள் கை என் கையில் இருக்கும். ஆளுக்கு முன்னால் நீ மார் தட்டிக்கொண்டு அலைக்குள் பாய்ந்தால், இத்தனை வயதாயிற்று என்று பார்க்க மாட்டேன், எல்லோர் எதிரிலும் முதுகில் வைப்பேன்.

சுஜாதாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது, மிளகு ரசம் வைத்துக் கொடு. குழந்தைக்கு என் முத்தம். பெருமாள் புண்ணியத்தில் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும், அங்கேயும் கடல் இருக்கிறது என்பதை மறக்காதே. இதற்குப் பதில் எழுது, ஃபோனில் வேண்டாம், பேப்பரில் எழுது. கவரின் மேல் அப்பா பெயரைப் போடாதே, என் பெயரைப் போடு.

இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா,
சகுந்தலா சதாசிவம்