சாய்பலகையில் முந்திய வண்டி

மாமாவுக்கு,

இங்கே நானும் நம் மகளும் நலம். ஏரியில் இறால் நன்றாகப் படுகிறது.

ஒல்லாந்தர் கோட்டைத் துறையில் நடந்த குழந்தைகளின் பொம்மை வண்டிப் பந்தயத்துக்கு வந்திருந்தோம். தச்சுப்பட்டறையில் வேலை, வர முடியாது என்று நீங்கள் சொல்லியனுப்பியிருந்ததால் உங்களைத் தேடவில்லை.

நானும் செங்கம்மாவும் ஒரு மாதம் இழைத்த வண்டி அது. பின்பக்கத்தைக் குடைந்து ஈய வலைக்குண்டுகளை வைத்தால் சரிவில் வேகம் கூடும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஊரில் யாருக்கும் சொல்லாமல் "நைனாவுக்கு மட்டும்" என்று உங்கள் காதில் சொன்னாள்.

சரக்கு இறக்கும் சாய்பலகையில் நம் வண்டி எல்லாவற்றையும் முந்தியது, ஒன்றைத் தவிர. அந்த வண்டி கீழே மோதிக் கவிழ்ந்தபோது அதன் பின்பக்கத்திலிருந்தும் வலைக்குண்டுகள் உருண்டன. அதற்குரிய சிறுமிக்குச் செங்கம்மா வயதுதான் இருக்கும். "நைனா, நாம கெலிச்சிட்டோம்!" என்று கூட்டத்துக்குள் ஓடினாள். நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டீர்கள். பக்கத்தில் நின்ற பெண் உங்கள் முகத்து வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

செங்கம்மா குனிந்து அந்தக் குண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களைப் பார்க்கவில்லை. வழியெல்லாம், "நைனாகிட்ட மட்டும்தானே சொன்னேன், அந்தப் பொண்ணுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"தெரியலடி" என்றேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். வீட்டுக்கு வருவதானால், வாசலிலேயே அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்களில் ஒருத்தியின் தாய்.