மஞ்சள் பூசிய காலில் உறையாத ஜெல்

என் உயிரான அக்கா,

நீ இருக்கும் இடத்தில் கால் வலி இருக்காது என்று நம்புகிறேன். எனக்கு இங்கே வலியே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்கு வெறுங்காலோடு நடந்தேன். கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வந்தேன். தார் சுட்டதே தெரியவில்லை. வீட்டில் கால் கழுவும்போதுதான் இடது பாதத்தின் அடியில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். உனக்கு ஆரம்பித்த அதே இடம். சர்க்கரைதான் நம் இருவருக்கும் வந்தது, புண்ணும் அப்படியே வரவேண்டுமா?

என் மகள் கலையிடம் சொல்லவில்லை. உன் செல்லம் இப்போது இங்கே ஒரு சின்னக் கம்பெனியின் லேபில் இருக்கிறாள். அந்தப் புண்ணால் நீ கண்மூடிய பிறகுதான் இந்த வேலையைத் தேடிப் பிடித்தாள். புண்ணுக்குப் போடும் ஜெல் செய்கிறார்கள். ஊற்றும்போது கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கும், நீல விளக்கைக் காட்டினால் நுங்கு மாதிரி உறைந்துவிடும். உள்ளே இருக்கிற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சீழ் பிடித்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். அவள் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மனிதர்களுக்குப் போட இன்னும் நாளாகும் என்று அவள் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். எழுதி என்ன பயன்?

காஞ்சிபுரத்தில் டாக்டர்களுக்குக் காட்டுவதற்காக, கறுப்புத் தாள் சுற்றிய பாட்டிலையும் விளக்கையும் நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். நான் முருகா என்று காலில் ஊற்றிவிட்டேன். விளக்கைக் காட்டியபடி நூற்றெட்டு முறை அவன் பெயரைச் சொன்னேன். உறையவில்லை அக்கா. மஞ்சளாக விரலிடுக்கில் ஓடியது. நிறம் மாறிவிட்டது, சீழ்தான் என்று நினைத்துவிட்டேன்.

கலை வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். காலைக் குழாயடிக்கு இழுத்துக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இன்னாம்மா பூசின இதுல?"

"மஞ்சள்தான். தெனம் கொழைச்சுப் போடுறேன்."

"அது நீல வெளிச்சத்த முழுங்கிடும்மா. உள்ள வெளிச்சமே போவல, அதான் உறையல. உறையாதது புண்ணுல படவே கூடாது."

பிறகு அழுதுகொண்டே தனக்குத்தானே சொன்னாள்: "நம்ம பொம்பளைங்க எல்லாரும் மஞ்ச பூசிக்கினுதானே வருவாங்க. லேப்ல ஒருத்தருக்கும் தோணலியே."

எவ்வளவு நேரம் காலில் இருந்தது என்று கேட்டாள். ஊற்றிய நேரத்தைக் குறித்திருந்த நோட்டைப் பார்த்து, இருபத்தைந்து நிமிஷம் என்று சொன்னேன். புண் வந்து எத்தனை நாள் என்று கேட்டபோது மட்டும் நோட்டை மூடிவிட்டேன். நாலு நாள் என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? காலை எடுத்துவிடுவார்களோ என்றா, அவள் முகத்தைப் பார்க்க முடியாமலா?

இன்று காஞ்சிபுரம் போகவில்லை என்று ஆபீசுக்கு போன் செய்துவிட்டாள். என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போயிருக்கிறாள். அதற்குள் இதை எழுதுகிறேன்.

அன்று நீ டாக்டரிடம் ரெண்டு நாள் என்றாய். பத்தொன்பது நாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன். மன்னித்துவிடு அக்கா. எனக்கு இன்று பதினாறாவது நாள். கலையின் காதில் விழும்படி, டாக்டரிடம் பதினாறு என்றே சொல்வேன்.

உன் ஒரே தங்கை,
வள்ளி