உடையாத சிவப்புக் கோடு

செவ்வாய், இரவு.

இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். வாய் திறந்து உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டியது இது.

விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்று தரும் காகிதங்களைச் சரிபார்த்து அடுக்குவது என் வேலை. இறக்கைக்கு அடியிலுள்ள மூடியைக் கழற்றி உள்ளே பார்த்ததாக இன்று இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருந்தார். மதியம் அந்த விமானத்தின் பக்கமாக நடந்தேன். மூடியின் திருகுகள்மேல் இழுத்திருந்த சிவப்புப் பெயின்ட் கோடு பழையது. ஒன்றுகூட உடையவில்லை. கழற்றியிருந்தால் உடைந்திருக்கும்.

தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன்.

"இன்னாம்மா, மீனுக்குச் செதில் பாக்குற மாதிரி திருகப் பாத்துனு வந்தியா? கையெழுத்து இருக்குதுல்ல, ஃபைல்ல போடு."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நான் முத்திரை குத்திவிட்டேன்.

எங்கள் மீனவர் குப்பத்துக்கு வந்தபோது அப்பா பக்கத்து வீட்டு ஃபைபர் படகின் விரிசலை அடைத்து முடித்திருந்தார். இங்கே படகை அடைத்தவர்தான் அதில் முதல் ஆளாக ஏறிக் கடலுக்குப் போக வேண்டும்.

"காலையில நான் இதுல போறேன். இன்னா, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?"

"ஒண்ணுமில்ல நைனா."

நாளை மதியம் அந்த விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். இன்ஜினியர் சார், அதற்குள் அந்த மூடியை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். முடியாதென்றால் நீங்களும் அதில் ஏறுங்கள்.