நாம் புதைத்த ராசா கல்

மச்சான்,

உன் இரும்பு அலவாங்கு இன்னும் என் வயல் வாடியின் ஓலைச் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது. இன்று காலை வாய்க்கால் உடைப்பை அடைக்க அதைத் தூக்கினேன்; தூக்கிய கையோடு திரும்ப வைத்துவிட்டேன். நுனி வளைந்தது வளைந்தபடியே இருக்கிறது. இந்தப் போகம் உடம்பு கேட்கிறதில்லை. நிந்தவூரில் பஸ் ஏறி, இறங்கி, வீரமுனை வயலுக்கு நடந்து வருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. பக்கத்து வரம்பில் நின்று, "என்ன மச்சான், இப்பதானா விடிஞ்சது?" என்று கேட்க நீயும் இல்லை.

அந்த நுனி வளைந்த நாள் நினைவிருக்கிறது. உன் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவே வாய்க்காலை ஆழமாக்கிக்கொண்டிருந்தோம். நங்கென்று சத்தம். மண்ணைத் தள்ளிப் பார்த்தால் நாலு பட்டைக் கருங்கல் தூண் ஒன்று படுத்துக் கிடக்கிறது. மூன்று பக்கமும் நமக்குத் தெரியாத எழுத்து. நாலாம் பக்கத்தில் ஒரு காகம், ஒரு நாய். நீ தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாய்.

"மச்சான், இது சாமி கல். காகம் சனீஸ்வரன்ட வாகனம். நாய் வைரவர்ட வாகனம்."

"போடா. இது எங்கட கதையில வாற காகம். தம்பியக் கொலை செஞ்சிட்டு, அவன்ட மையித்த என்ன செய்யிறண்டு தெரியாம நிண்ட காபிலுக்கு, மண்ணக் கிண்டிப் புதைக்கக் காட்டிக் குடுத்த காகம். நாய், குகைக்குள்ள படுத்த நல்லாக்களுக்குக் காவல் இருந்த நாய்."

"ரெண்டு பேர்ர கதையும் ஒரே கல்லுல கிடக்கெண்டா, ஆர்ர ராசாடா இத நட்டவன்?" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. அந்த நாட்களில் நில அளவைக்காரர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு காடும் வயலுமாகத் திரிந்தார்கள். பழைய கல் கிடைத்த காணியைக் கம்பி அடித்து அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று சந்தையெல்லாம் பேச்சு. பூ வைத்தால் கோயில் காணி, ராசா கல் என்று சொன்னால் அரசாங்கக் காணி. உனக்கு இருந்ததோ உன் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த அந்த இரண்டு ஏக்கர் மட்டும். மூன்று பெண் பிள்ளைகளின் வயிறும் அதில்தான் இருந்தது. ஆனாலும் உனக்கு ஆசை.

"படிச்ச ஆரிட்டயாவது காட்டுவமே மச்சான். எந்த ராசா, ஆரோட சண்டை பிடிச்சவன் எண்டாவது தெரியவேணும்."

நான்தான் சீறினேன். "எந்த ராசாவா இருந்தா உனக்கென்ன? செத்த ராசாவக் காட்டினா புள்ளைகள்ர பசி தீருமா? காகம் காட்டித் தந்திருக்கு, புதைடா!"

உன் வயல் மூலையில், காகமும் நாயும் குப்புறக் கிடக்கப் புதைத்தோம்.

அதற்குப் பிறகு நீ நிம்மதியாக இருக்கவேயில்லை. சங்கிலிக்காரன் தலை தெரிந்தால் ஓடிப்போய் அந்த மூலையில் நின்றுகொள்வாய். கலப்பை தட்டினால் சத்தம் கேட்கும் என்று அந்த மூலையை உழாமலே விட்டாய். ஏழு போகம் அப்படியே போனது. கல்முனை ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தபோதும் என் கையைப் பிடித்து, "அதுல என்ன எழுதிக் கிடந்திருக்கும் மச்சான்?" என்று கேட்டாய்.

"கதைக்காமப் படு" என்றேன்.

அதுதான் உன்னோடு நான் கடைசியாகக் கதைத்தது. அதை நினைக்கும்போது எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

போன மாதம் எருமை வாங்கச் சாகாமத்துக்குப் போயிருந்தேன். குளக்கட்டுக்குக் கீழே ஆட்கள் கூடி நின்றார்கள். நம் கல்லோடு கூடப் பிறந்தது போல ஒரு தூண். அதே காகம், அதே நாய். கொழும்பிலிருந்து வந்த ஒரு ஐயா குனிந்து எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"பழைய ராஜா ஒருவர் கொடுத்த உறுதி. இந்தக் காணிக்குள் என் படையாள் நுழையக்கூடாது, வரி கேட்பவன் நுழையக்கூடாது, ஆளையோ மாட்டையோ பிடித்துப் போகக்கூடாது. மீறினவன் காகமாகவும் நாயாகவும் பிறப்பான். அதைத்தான் படமாகவும் வெட்டியிருக்கிறார்கள்."

"காகமும் நாயும் கிடக்கிற கல் எல்லாத்திலயும் இதுதானா ஐயா?"

"அனேகமாக இதுதான்."

எருமை வாங்காமலே திரும்பிவிட்டேன். சாமியும் இல்லை, சண்டையும் இல்லை. உன் காணியைப் பறித்துவிடும் என்று நாம் நடுங்கிய கல், இந்தக் காணிக்குள் எவனும் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் உன் வயல் மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. நீ ஆசைப்பட்டபடி ஒருவரிடம் காட்டியிருந்தால் ஏழு போகம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். தடுத்தவன் நான்.

செத்தவன் பறவையாகப் பிறப்பான் என்று என் மார்க்கம் சொல்லவில்லை. நானும் நம்பவில்லை. ஆனால் இன்று மத்தியானம் சோற்றுப் பொதியை அவிழ்த்தபோது ஒரு காகம் வந்து அந்த மூலையில் இருந்தது. வேறு நாளாக இருந்தால் மண்ணாங்கட்டியால் எறிந்திருப்பேன். இன்று ஒரு பிடி சோற்றை வரம்பில் வைத்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னேன்:

"பயப்படாத மச்சான். காணி உன்ட காணிதான். ராசாவே எழுதித் தந்திருக்கான்."